மாக்பெத்தும் மணிமுடியும்

விதி விளையாடியது, சூனியக்காரிகள் கெடுத்தனர், மாக்பெத் என்ன செய்வான் பாவம் என்று, ஷேக்ஸ்பியரின் அந்நாடகத்தைப் படித்தோர் சிலர் பரிந்து பேசக் கேட்கிறோம். பரிவு நன்று, தீர்ப்புத் தவறு! 'அரசனாவாய்' என்றனரேயன்றி, 'டங்கனைக் கொல்' என்று அக்கிழவியர் கூறினரா? தன் வழியினர் ஆள்வர் என்று உடனிருந்து கேட்ட பாங்கோ, வாளை உருவவில்லையே!

நாடகத்தின் மூலமான ஹாலின்ஷெட்டின் வரலாற்று நூலில், மாக்பெத்துக்கு அரியணை மீது வழக்கு உண்டு. கொலைக்குப் பாங்கோவின் உடன்பாடும் உண்டு. மெய்யான டங்கனோ 1040-இல் போரில் மாண்டவன். ஷேக்ஸ்பியர் வழக்கை மங்கவைத்தார், கூட்டாளியைப் பிரித்தார் (பாங்கோவைத் தம் முன்னோன் என்றெண்ணிய ஜேம்ஸ் மன்னரின் மனமும் குளிர்ந்திருக்கும், அரசவைக் கலைஞர்க்கு அது புதிதன்று!), போர்க்களத்தை அகற்றி, விருந்தினனாய் வந்து துயிலும் முதியவனின் படுக்கையை அங்கே வைத்தார். ஒளிந்துகொள்ள ஒரு சாக்கும் இல்லை அவனுக்கு.

மனைவி தூண்டினாள், உண்மை. பாங்கோவைக் கொல்ல ஆளமர்த்தியபோது அவளிடம் அவன் சொல்லவும் இல்லையே! முதற்கொலைக்கு நடுங்கியவன், மக்டஃபின் மழலையை மாய்க்க ஆணையிடுகையில் நடுங்கவில்லை. அந்நடுக்கம் அவளிடம் குடியேறிற்று. உறங்கியபடியே நடந்து, இல்லாத குருதியைக் கழுவுகிறாள். மருத்துவர் வந்து அவள் நோயைக் கூறுகிறார். அவனோ, கவசத்தைக் கொண்டுவா என்கிறான்.