க்ரோனோ டிரிக்கர்: நிண்டெண்டோ டி.எஸ். மறுவெளியீடு

க்ரோனோ டிரிக்கர், ஜப்பானின் ஸ்கொயர் நிறுவனம் 1995 மார்ச்சில் சூப்பர் ஃபேமிகாம் கருவிக்காக வெளியிட்ட ரோல்-பிளேயிங் வகை வீடியோ கேம். ஃபைனல் ஃபேன்டஸி தொடரைத் தொடங்கிய ஹிரோனோபு சகாகுச்சி, டிராகன் குவெஸ்டின் யூஜி ஹோரீ, டிராகன் பால் ஓவியர் அகிரா டோரியாமா ஆகிய மூவரும் இதில் இணைந்து பணியாற்றினர். இசையின் பெரும்பகுதி யசுனோரி மிட்சுடாவுடையது. 2008 நவம்பரில் ஸ்கொயர் எனிக்ஸ் இதை நிண்டெண்டோ டி.எஸ். என்ற கையடக்கக் கருவிக்குக் கொண்டுவந்தது. ஐரோப்பாவில் இந்த விளையாட்டு முறையாக விற்பனைக்கு வந்ததே 2009இல், இந்த வடிவத்தில்தான்.

இடையில் 1999இல் ஒரு பிளேஸ்டேஷன் பதிப்பும் வந்தது. குறுவட்டிலிருந்து தரவை வாசிக்க வேண்டியிருந்ததால், ஒவ்வொரு சண்டைக்கு முன்பும், மெனுவைத் திறக்கும்போதும் அது தடுமாறி நின்றது. மற்ற விளையாட்டுகளில் இது வெறும் எரிச்சல். க்ரோனோ டிரிக்கரில் அது அடிப்படையையே கெடுத்தது. எதிரிகள் நடமாடும் இடத்திலேயே, திரை மாறாமல் சண்டை தொடங்கி முடிவதுதான் இதன் தனிச்சிறப்பு. டி.எஸ். பதிப்பு மீண்டும் கார்ட்ரிட்ஜுக்குத் திரும்பியதால் அந்த வேகம் மீண்டது. மறுவெளியீட்டின் முதல் வெற்றி இதுவே.

டி.எஸ். திரையின் உயரம் 192 புள்ளிகள்; மூலம் 224 புள்ளிகளுக்காக வரையப்பட்டது. மேலும் கீழும் சற்றே குறைந்த காட்சியை இரண்டாம் திரை ஈடுசெய்கிறது. சண்டைக் கட்டளைகளும் வரைபடமும் கீழே போய்விடுவதால் மேல்திரையில் டோரியாமாவின் பாத்திரங்கள் மறைக்கப்படாமல் நிற்கின்றன. பழைய அமைப்பே வேண்டுமென்பவர்களுக்கு அதுவும் தரப்பட்டிருக்கிறது. எந்த நேரத்திலும் மூடியை மடித்து வைத்துவிட்டு, பிறகு விட்ட இடத்திலிருந்து தொடரலாம். சிறுசிறு அத்தியாயங்களாக நகரும் கதைக்கு இது மிகவும் பொருந்துகிறது.

கதையின் சிக்கனத்துக்கு நீதிமன்றக் காட்சி ஓர் எடுத்துக்காட்டு. தொடக்கத் திருவிழாவில் ஆடுபவர் யோசிக்காமல் செய்தவை, அதாவது ஒரு கிழவரின் சாப்பாட்டை எடுத்துத் தின்றது, பூனைக்குட்டியைத் தேடிக் கொடுத்தது, மோதி விழுந்த பெண்ணைவிட அவள் பதக்கத்தை முதலில் எடுத்தது எல்லாம் பின்னர் சாட்சியங்களாக வந்து நிற்கின்றன. எந்தத் தீர்ப்பு வந்தாலும் நாயகன் சிறைக்குத்தான் போகிறான். ஆனாலும் அந்தச் சாட்சிகள் உறுத்துகிறார்கள். டி.எஸ். பதிப்பு இங்கெல்லாம் கைவைக்கவில்லை.

மொழியில் கைவைத்திருக்கிறது. 1995இன் ஆங்கில வடிவம் டெட் வூல்சி செய்தது. தவளை உருவில் சபிக்கப்பட்ட வீரனுக்கு அவர் பழங்காலத்து ஆங்கிலத்தைக் கொடுத்தார். ஜப்பானிய மூலத்தில் அப்படி இல்லை. டி.எஸ்.ஸுக்கு மறுமொழிபெயர்ப்புச் செய்த டாம் ஸ்லாட்டரி அந்த நடையைக் களைந்தார். மூலத்துக்கு அது நெருக்கம்தான். உரையாடல்களும் பல இடங்களில் தெளிவடைந்துள்ளன. எனினும் அந்தப் பழநடையோடுதான் அப்பாத்திரம் ஆங்கில வாசகர் மனத்தில் பதிந்திருந்தது. மூலத்தில் சோயா சாஸ், வினிகர், மயோனெய்ஸ் என்று சமையலறைப் பெயர் தாங்கிய மூன்று வில்லன்களுக்கு வூல்சி சூட்டிய ஸ்லாஷ், ஆஸி, ஃப்ளீ என்ற பெயர்கள் மட்டும் அப்படியே தொடர்கின்றன. மூலத்துக்கு உண்மையாக இருப்பதே நோக்கமென்றால் இவையும் போயிருக்க வேண்டும். பழகிய பெயர்களுக்குக் கிடைத்த சலுகை பழகிய குரலுக்குக் கிடைக்கவில்லை.

புதிய சேர்க்கைகளே மறுவெளியீட்டின் பலவீனம். 'லாஸ்ட் சேங்க்டம்' என்ற பகுதி கி.மு. 6.5 கோடி ஆண்டுக்கும் கி.பி. 600க்கும் இடையே ஆடுபவரைத் திரும்பத் திரும்ப அலைக்கழிக்கிறது. ஒரு பொருளை எடு, மலையேறு, கொடு, இறங்கு, மறுபடி ஏறு. மூல விளையாட்டில் காட்டை உயிர்ப்பிக்க ரோபோ 400 ஆண்டுகள் தனியே உழைக்கிறது. ஆடுபவருக்கோ அது சில நிமிடங்கள்தான். காலப்பயணம் கதைக்கு என்ன தர முடியும் என்பதை அறிந்தவர்களின் வேலை அது. புதிய பகுதியில் காலம் மாடிப்படியாகச் சுருங்கிவிட்டது.

அசுரர்களைப் பழக்கி மோதவிடும் அரங்கைத் தவிர்த்தாலும் இழப்பில்லை.

இதைவிடத் தீவிரமானது புதிய முடிவு. கடலடி அரண்மனை அழிந்தபின் இளவரசி ஷாலா என்ன ஆனாள் என்பதை 1995இன் விளையாட்டு சொல்லவில்லை. அவள் தம்பி மேகஸ் தேடிக்கொண்டே இருக்கிறான்; அந்தத் தேடல்தான் அவனை வில்லன் என்ற நிலையிலிருந்து மீட்கிறது. 1999இல் வந்த க்ரோனோ கிராஸ் இதற்குத் தந்த விடையோடு இணைப்பதற்காக, டி.எஸ். பதிப்பு 'ட்ரீம் டெவவரர்' என்ற புதிய எதிரியைக் கொண்டுவருகிறது. ஷாலா அதனுள் சிக்கியிருக்கிறாள். மேகஸால் அவளை மீட்க முடியவில்லை. தன் நினைவையும் இழந்து எங்கோ ஒரு காட்டில் விழித்தெழுகிறான். அடுத்த கதைக்கு வழியமைக்க, ஒரு பாத்திரத்தின் வாழ்வுக்கு அர்த்தம் தந்த ஒரே நினைவு பறிக்கப்படுகிறது. நல்லவேளையாக இதைக் காண முதலில் விளையாட்டை ஒருமுறை முழுதாக முடித்திருக்க வேண்டும். முதன்முறை ஆடுபவர் அடைவது பழைய முடிவைத்தான். அதில் மேகஸ் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறான்.