பத்தாம் வகுப்புத் தரம் என்பது எந்தத் தரம்? குரூப் 4 வினாத்தாளை வாசித்தபோது எழுதிய குறிப்புகள்

தேர்வாணையத்தின் குரூப் 4 அறிவிக்கையில் 'பத்தாம் வகுப்பு' என்ற சொல் இரண்டு இடங்களில் வருகிறது. ஒன்று, யார் விண்ணப்பிக்கலாம் என்ற இடத்தில். இளநிலை உதவியாளர், வரித் தண்டலர், கிராம நிர்வாக அலுவலர் இதற்கெல்லாம் பத்தாவது தேறியிருந்தால் போதும். இன்னொன்று, வினாத்தாளின் தரம் என்ன என்ற இடத்தில். அங்கேயும் பத்தாம் வகுப்புத் தரம்தான். முதல் இடத்தில் அந்தச் சொல் சொன்னபடி நடந்துகொள்கிறது. இரண்டாவது இடத்தில் நடந்துகொள்வதில்லை. ஏன் என்பதைத்தான் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

தேர்வு எழுதாதவர்களுக்காக அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 200 கேள்வி, 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். முதல் 100 தமிழ். மீதி 100ல் 75 பொது அறிவு, 25 கணக்கும் மனத்திறனும். எல்லாமே கொள்குறி வகை. நேர்முகத் தேர்வு கிடையாது. 2021 டிசம்பரில் வந்த அரசாணைக்குப் பிறகு தமிழ்ப் பகுதி கட்டாயம். அதில் 150க்கு 60 எடுக்காவிட்டால் மீதி விடைகளைப் பார்க்கவே மாட்டார்கள். அதற்கு முன்னால் தமிழுக்குப் பதில் பொது ஆங்கிலத்தை எடுத்து எழுதலாம் என்று இருந்தது. அந்த மாற்றத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஊராட்சியில் வரி ரசீது போடுகிறவருக்குத் தமிழ் தெரியணும், அவ்வளவுதான்.

இப்போது எண்கள். 2022 ஜூலை 24 அன்று நடந்த தேர்வுக்கு 22 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள், 18 லட்சத்துக்கு மேல் எழுதினார்கள். 7,301 என்று ஆரம்பித்த இடங்கள் பிறகு பத்தாயிரத்தைத் தாண்டின. 2024 ஜூன் 9 தேர்வை எழுதியவர்கள் சுமார் 15.8 லட்சம், 6,244 என்று அறிவித்த இடங்கள் முடிவு வந்த சமயத்தில் 8,932. 2025 ஜூலை 12 தேர்வை எழுதியவர்கள் சுமார் 11.5 லட்சம், அறிவித்த இடங்கள் 3,935, பிறகு கொஞ்சம் கூடியது.

'ஒரு இடத்துக்கு இத்தனை பேர்' என்று செய்தித்தாள்கள் வகுத்துக் காட்டும். நான் வேறு மாதிரி வகுத்துப் பார்த்தேன். ஒரு கேள்விக்கு ஒன்றரை மதிப்பெண் என்றால் சுழியம் முதல் 300 வரை ஏறுவதற்கு மொத்தம் 200 படிதான் இருக்கிறது. 2024ல் அந்த 200 படியில் 15.8 லட்சம் பேரை நிறுத்த வேண்டும். சராசரியாக ஒரு படிக்கு 7,900 பேர்! நிஜத்தில் நடுப்படிகளில்தான் கூட்டம் நெரியும், மேலே போகப்போகக் குறையும். ஆனாலும் வேலை கிடைக்கிற எல்லைக்கோடு வரும் இடத்தில் ஒரு படியில் நிற்பது பத்திருபது பேர் இல்லை.

கேள்வி தயாரிப்பவரின் இடத்தில் உட்கார்ந்து யோசியுங்கள். உண்மையிலேயே பத்தாம் வகுப்புத் தரத்தில், ஒழுங்காகப் படித்தவர் விடை சொல்லும்படி கேட்டால் என்ன ஆகும்? ஒரு லட்சம் பேர் 190ஐத் தாண்டிவிடுவார்கள். தேர்ந்தெடுக்கவே முடியாது. அதனால் அவர் பாடப்புத்தகத்தின் மையத்தை விட்டு ஓரத்துக்குப் போகிறார். பெட்டிச் செய்தி, 'தெரியுமா?' கட்டம், படத்துக்குக் கீழே உள்ள சின்ன எழுத்து, நூல்வெளியின் கடைசி வரி. ஒரு புலவரின் பாட்டு என்ன சொல்கிறது என்பது மையம். அவர் பிறந்த ஊர் எந்த வட்டத்தில் இருக்கிறது என்பது ஓரம். ஓரமும் தீர்ந்ததும் 'கூற்று, காரணம்' வடிவத்தில் வாக்கியத்தை முறுக்குகிறார். நான்கு வாக்கியங்களைக் கொடுத்து எவை சரி என்கிறார். புத்தகம் பத்தாம் வகுப்புதான். அதைக் கேட்கிற விதம் பத்தாம் வகுப்பு இல்லை.

கேள்வி தயாரிப்பவரை நான் குற்றம் சொல்லவில்லை. அவர் கையில் இருப்பது அளவுகோல் மாதிரி தெரியும், ஆனால் அவரிடம் கேட்கப்படுவது சல்லடை வேலை. சல்லடையின் கண் எவ்வளவு பெரியது என்பதைச் செய்யப்போகிற வேலை தீர்மானிப்பதில்லை, வரிசையில் நிற்கிற கூட்டம் தீர்மானிக்கிறது.

குமாரபாளையத்தில் இருந்துகொண்டு இதைப் பார்ப்பதில் ஒரு வசதி உண்டு. இங்கே இரண்டு விதமான ஆட்கள் பக்கத்துப் பக்கத்துத் தெருவில் இருக்கிறார்கள். ஒரு பக்கம் விசைத்தறி. லுங்கியும் துண்டும் ஓடுகிற தறிக்குடோன்கள், தார் சுற்றுகிற பெண்கள், சனிக்கிழமைக் கூலி. இன்னொரு பக்கம் கல்லூரிகள். சேலம் சாலையிலும் திருச்செங்கோடு பக்கமும் பொறியியல் கல்லூரிப் பேருந்துகளை எண்ணி மாளாது. முந்திய தலைமுறை பாவு ஓட்டிய காசில் பிள்ளைகள் பி.இ. முடித்தார்கள். முடித்தவர்களில் பலர் எட்டாயிரம் பத்தாயிரம் சம்பளத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். இளநிலை உதவியாளருக்கு அடிப்படை ஊதியமே 19,500, அதற்கு மேல் அகவிலைப்படி. நகலெடுக்கும் கடைகளில் சமச்சீர் புத்தகச் சுருக்கங்கள் கட்டுக்கட்டாக ஸ்பைரல் போட்டுத் தொங்குகின்றன. இரண்டு தெருக்காரர்களும் வாங்குகிறார்கள். தேர்வன்று இரண்டு பேரும் ஒரே அறையில்தான் எழுதுகிறார்கள்.

எங்கள் பக்கத்துத் தறிக்காரர் ஒருவர் போன வருஷம் என்னிடம் கேட்டார். "ஏனுங்க, பத்தாவதுக்கு வேலைன்னுதானுங்க போட்டிருக்கறாங்க? அப்பறம் இஞ்சினீரு எல்லாம் எதுக்குங்க இதை எழுதறாங்க?" அவர் மகள் பன்னிரண்டாவது முடித்தவள். காலையில் தார் சுற்றிவிட்டு மத்தியானத்துக்கு மேல் படிப்பாள். எழுதிய முதல் தடவை 200க்கு 131 சரி. அவளோடு பயிற்சி வகுப்பில் உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் பொறியாளர்கள், மீதியில் சில பேர் எம்.எஸ்சி., பி.எட். நான் அந்தக் கேள்விக்கு, "யாருக்கு வேணா எழுத உரிமை இருக்குதுங்க" என்று மட்டும் சொன்னேன். அது சட்டப்படி சரியான பதில். ஆனால் அவர் கேட்டது சட்டத்தை இல்லை.

சட்டத்தைப் பற்றியே பேசுவதானால், அதுகூட அவ்வளவு நேர்க்கோடாக இல்லை. ஒடிசாவில் ஒரு பொதுத்துறை வங்கியின் பியூன் வேலைக்குப் பட்டதாரிகள் வரக்கூடாது என்று விதி இருந்தது. பட்டத்தை மறைத்துச் சேர்ந்த ஒருவரின் வழக்கில் 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் வங்கியின் பக்கம் தீர்ப்பளித்தது. ஒரு வேலைக்கு எந்தத் தகுதி பொருத்தம் என்று முடிவு செய்வது வேலை தருகிறவரின் உரிமை என்பது அதன் சாரம். அதாவது மேல் வரம்பு வைப்பது சட்டவிரோதம் இல்லை. தமிழ்நாட்டில் நிலைமை நேரெதிர். பிற்படுத்தப்பட்ட, பட்டியல் வகுப்பினர் பத்தாவதுக்கு மேல் படித்திருந்தால் குரூப் 4ன் பல பதவிகளுக்கு உச்ச வயது வரம்பே கிடையாது. மேற்படிப்பு இங்கே ஒரு கூடுதல் சலுகை. நல்ல எண்ணத்தில் வைத்த விதிதான், வேலையில்லாத பட்டதாரிக்குக் கதவைத் திறந்து வைப்பது. ஆனால் அந்தக் கதவு வழியாக வருகிறவர் யாரைத் தாண்டி உள்ளே போகிறார் என்பதையும் பார்க்க வேண்டும் இல்லையா?

அப்படியானால் பட்டதாரிகளைத் தடுத்துவிடலாமா? என்னால் அப்படிச் சொல்ல முடியவில்லை. பி.இ. முடித்துவிட்டுக் குரூப் 4 எழுதுகிறவனும் இங்கே தறிக்காரர் மகன்தான். அவனைத் தடுத்தால் பட்டத்தை மறைத்து எழுதுவான்; அப்புறம் பத்து வருஷம் பயந்துகொண்டே வேலை பார்ப்பான். ஆனால் பாதி வழி ஒன்று இருக்கிறது. தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத இட ஒதுக்கீடு தருகிற சட்டம் 2010லிருந்து நம்மிடம் இருக்கிறது. எப்படிப் படித்தார் என்று பார்த்து ஒதுக்க முடிகிற அரசுக்கு, எதுவரை படிக்க முடிந்தது என்று பார்த்து ஒரு பங்கை ஒதுக்கவும் முடியும். பத்தாவதோடோ பன்னிரண்டாவதோடோ நின்றவர்களுக்கென்று ஒரு சின்னப் பங்கு. இதில் சிக்கல் இருக்கும், வழக்குப் போடுவார்கள், தெரியும். ஆனாலும் இதைப் பற்றிப் பேச்சே எழவில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

இனி தமிழ்ப் பகுதி. பழைய பாடத்திட்டத்தின் மீது எனக்குக் கோபமே உண்டு. அடைமொழியால் குறிக்கப்பெறும் சான்றோர், நூலும் ஆசிரியரும், பொருத்துக. இதைப் படித்து முடித்த ஒரு பிள்ளைக்கு முந்நூறு நூல்களின் பெயர் தெரியும், ஒரு நூலைத் திறந்து பார்த்திருக்காது. இலக்கியம் என்றால் பட்டப்பெயர்ப் பட்டியல் என்று ஒரு தலைமுறையே நம்பும்படி ஆகிவிட்டது.

2025 தேர்வுக்கு முன்னால் இதை மாற்றினார்கள். 100 கேள்வியில் இலக்கியமும் தமிழறிஞர்களும் 15 ஆகச் சுருங்கியது. இலக்கணம் 25, சொல்லகராதி 15, எழுதும் திறன் 15, கலைச்சொற்கள் 10, வாசித்துப் புரிந்துகொள்ளுதல் 15, எளிய மொழிபெயர்ப்பு 5. காகிதத்தில் பார்த்தால், ஒரு எழுத்தரிடம் என்ன எதிர்பார்க்கலாம் என்று யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. தேர்வு முடிந்த அன்றைக்கே தமிழ்ப் பகுதி கடினம், பாடத்திட்டத்துக்கு வெளியே கேட்டுவிட்டார்கள், மறுதேர்வு வேண்டும் என்று குரல் எழுந்தது. மாற்றத்தைப் புரிந்துகொள்ளாத புலம்பல் இது என்று சிலர் எழுதினார்கள். அதை நான் ஏற்கவில்லை. பாடத்திட்டம் மாறியது, சல்லடை மாறவில்லை. சொல்லகராதி என்ற தலைப்பைப் பிடித்துக்கொண்டு அகராதியின் எந்த மூலைக்கும் போகலாம். முன்னாடியாவது 'ஆறிலிருந்து பத்து வரைக்கும் புத்தகம்' என்று ஒரு வேலி இருந்தது. தார் சுற்றிவிட்டு வந்து படிக்கிறவளுக்கு அந்த வேலிதான் ஒரே பாதுகாப்பு. புத்தகத்தை அரசே இணையத்தில் இலவசமாகத் தருகிறது, பத்துத் தடவை படித்தால் பத்துத் தடவை படித்ததற்குப் பலன் உண்டு. மனப்பாடத் தேர்வை நாம் எல்லோரும் திட்டுகிறோம். வீட்டில் புத்தக அலமாரி இல்லாதவருக்கு அதில் இருந்த நியாயத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன்.

இன்னொரு வேடிக்கை, 'எழுதும் திறன்' என்ற அலகு. அதில் ஒரு வரிகூட எழுத வேண்டியதில்லை. செய்வினையா செயப்பாட்டு வினையா என்று வட்டத்தைக் கறுப்பாக்க வேண்டும். அலுவலகத்தில் அந்தப் பிள்ளை என்ன செய்யப்போகிறது? தபாலைத் தன்பதிவேட்டில் பதியும், குறிப்பு எழுதும், வரைவு கடிதம் வைக்கும், நினைவூட்டு அனுப்பும். இவை எதுவும் தாளில் இல்லை. வேலையில் சேர்ந்த பிறகு, பவானி ஆற்றோடு மேலே போனால் வரும் பவானிசாகர் பயிற்சி நிலையத்தில் சொல்லித் தருகிறார்கள். பிறகு துறைத் தேர்வுகள் வேறு. சொல்லித் தந்தால் வந்துவிடும் வேலை என்று அரசுக்கே தெரிந்திருக்கிறது என்றுதான் இதற்கு அர்த்தம். அந்த வேலைக்கு உண்மையாகவே பத்தாவது போதும்.

தேர்வாணையத்தின் பக்கம் சொல்ல வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். எழுத்தர் வேலையைச் சிபாரிசின் கையிலிருந்து பிடுங்கிப் பொதுத் தேர்வில் வைப்பது எளிய காரியம் இல்லை. இந்திய மாகாணங்களில் அதற்கென்று முதலில் ஆணையம் அமைத்தது சென்னை, 1929ல். 2019 செப்டம்பர் தேர்வில் ராமேஸ்வரம், கீழக்கரை மையங்களில் நடந்த மோசடி வெளியே வந்தபோது 99 பேரை வாழ்நாள் முழுக்கத் தடை செய்தார்கள். அதற்குப் பிறகுதான் விடைத்தாளில் 'விடை தெரியவில்லை' என்று ஐந்தாவது வட்டம் வந்தது, எந்த எழுத்தை எத்தனை தடவை கறுப்பாக்கினோம் என்று எண்ணி எழுதுகிற வேலையும் வந்தது. யாரோ செய்த திருட்டுக்கு எல்லோரும் கடைசிப் பத்து நிமிஷம் வட்டம் எண்ணுகிறார்கள். எரிச்சல்தான், ஆனாலும் தேவை. முடிவு வெளியிடுவதிலும் முன்னேற்றம் தெரிகிறது. 2022 தேர்வுக்கு எட்டு மாதம் ஆனது, 2025க்கு மூன்று மாதத்துக்குக் கொஞ்சம் மேல். வாரக்கூலி வீட்டில் அந்த ஐந்து மாத வித்தியாசம் பெரிய தொகை.

நேர்மையாக நடக்கிற தேர்வு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. என் புகார் பெயர்ப்பலகையின் மேல்தான். பத்தாம் வகுப்புத் தரம் என்று எழுதியிருப்பதால், தோற்கிற பிள்ளை தன்னைப் பத்தாம் வகுப்புக்கே லாயக்கில்லாதவள் என்று நினைத்துக்கொள்கிறது. 131 எடுத்தவள் என்னிடம் சொன்னது இதைத்தான். "பத்தாவது பாடமே எனக்கு வரலைங்கண்ணா."

அவளுக்கு நான் காட்டியது குரூப் 4 பட்டியலிலேயே இருக்கிற தட்டச்சர் பணியிடம். அதே தேர்வுதான், அதே தாள்தான். ஆனால் அரசுத் தொழில்நுட்பத் தேர்வில் தட்டச்சுத் தேர்ச்சி பெற்றிருக்க வேண்டும் என்பதால் கூட்டம் அங்கே மெலிந்துவிடுகிறது, தேவைப்படும் மதிப்பெண்ணும் இறங்கிவிடுகிறது. அறிவிக்கையில் கைவேலை தெரியுமா என்று கேட்கிற வெகு சில இடங்களில் இது ஒன்று. பி.இ. சான்றிதழ் அந்த இடத்தில் உதவாது. இப்போது சாயங்காலம் தட்டச்சு வகுப்புக்குப் போய்வருகிறாள். தமிழ் லோயர் முடித்துவிட்டாள், ஹையருக்குப் பணம் கட்டியிருக்கிறாள். தார் சுற்றிய விரலுக்கு வேகம் சீக்கிரம் வந்துவிட்டது என்று வகுப்பு நடத்துகிற அம்மா சொன்னார்களாம்.