அப்லோட் வரிசையின் அழகு

ஆன்லைன் ஷூட்டர் ஆடப் பிங் எண் சிறிதாக இருந்தால் போதும் என்பவர்களோடு எனக்கு நெடுநாள் பிணக்கு. 12 மில்லிசெகண்டில் தொடங்கி, வீட்டில் யாரோ ஒரு வீடியோ அனுப்பியதும் 180-க்குத் தாவும் இணைப்பு எனக்கு வேண்டாம். இரவு முழுக்க 38-ல் அசையாமல் நிற்கும் இணைப்பைக் கொடுங்கள். 38-க்குக் கை பழகிவிடும். எப்போது தாவும் என்று தெரியாத 12-க்கு எந்தக் கையும் பழகாது.

சிங்கப்பூர் சர்வர்களில் ஆடி வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சென்னையையும் சிங்கப்பூரையும் 2002-ல் இணைத்த ஐ2ஐ கடலடிக் கேபிளின் நீளம் சுமார் 3,200 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி ஒரு மில்லிசெகண்டுக்கு ஏறக்குறைய 200 கிலோமீட்டர்தான் ஓடும். போய்த் திரும்ப 32. அதற்குக் கீழே இறக்க எந்த வித்தையாலும் முடியாது. தூரத்துக்குரியதைத் தூரத்துக்குக் கொடுத்துவிட்டு, மிச்சமிருக்கும் தாமதத்தில் கைவைப்பதுதான் இந்தக் கலை.

ரெஜிஸ்ட்ரியில் நேகிளை அணைத்தால் குண்டு நேராகப் பாயும் என்று நம்பும் நண்பர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் ஆர்வத்தை மதிக்கிறேன். ஆனால் சின்னப் பொட்டலங்களைச் சேர்த்து அனுப்ப ஜான் நேகிள் 1984-ல் சொன்ன அந்த வழி டிசிபிக்கானது. நம் ஷூட்டர்களில் நகர்வதும் சுடுவதும் யுடிபியில்; அங்கே அதற்கு வேலையே இல்லை. டிஎன்எஸ்ஸை 1.1.1.1-க்கு மாற்றுவதும் அவ்வளவுதான். சர்வரின் முகவரியைத் தேடும் கணம் சற்றுச் சுருங்கும். ரவுண்டு தொடங்கிய பிறகு அதற்குப் பங்கு கிடையாது. 300 எம்பிபிஎஸ் கட்சியாரிடம் கேட்க ஒன்றுதான் உண்டு: ஓரிரு எம்பிபிஎஸ்ஸுக்குள் முடிந்துவிடும் ஆட்டத்துக்கு மீதி எதற்கு? வாலரன்ட்டின் 128 டிக் சர்வர் 7.8 மில்லிசெகண்டுக்கு ஒரு முறை கணக்குப் போடுகிறது. அந்தக் கணத்துக்குள் நம் பொட்டலம் போய்ச் சேர்ந்ததா என்பதே கேள்வி.

2005-ல் டேட்டாஒன் பிராட்பேண்ட் வந்தபோது நமக்குக் கிடைத்தது 256 கேபிபிஎஸ். சிஎஸ் 1.6-ல் ரேட் 25000 என்று அடித்தால் நொடிக்கு 25,000 பைட், அதாவது 200 கேபிபிஎஸ். மயிரிழையில் அடங்கும். பக்கத்து அறையில் யாராவது பாட்டு இறக்கினால் அடங்காது. நெட்_கிராஃப் 3 போட்டுக்கொண்டு ரேட்டை ஏற்றினால் சோக் குறையும். கொஞ்சம் கூடிப்போனால் லாஸ் எட்டிப் பார்க்கும். இரண்டும் சுழியத்தில் நிற்கும் ஓர் எண் ஒவ்வொரு வீட்டுக்கும் தனியாக உண்டு. அடுத்தவன் கான்ஃபிக் ஃபைலைக் காப்பியடித்தவனுக்கு அது அகப்படாது. காஞ்சிபுரத்து பிரவுசிங் சென்டர்களில் லேனில் மட்டும் ஆடிவிட்டு வீட்டு இணைப்புக்கு வந்தவர்கள், டஸ்ட்2-வின் லாங் கதவோரம் அந்தப் பாடத்தைக் கற்றார்கள்.

என் மனம் முழுசாகப் போய் உட்கார்ந்த இடம் கேக். ஜோனதன் மார்ட்டனும் டேவ் டாட்டும் தோழர்களும் சேர்ந்து செய்து, 2018-ல் லினக்ஸ் 4.19-க்குள் வந்த வரிசை மேலாளர். அதற்கு முன்னோடி 2012-ல் லினக்ஸ் 3.5-ல் சேர்ந்த எஃப்க்யூ-கோடெல். அதன் உள்ளே இருக்கும் கோடெல், கேத்லீன் நிக்கல்ஸும் வான் ஜேக்கப்சனும் யோசித்தது. வரிசை எவ்வளவு நீளம் என்று அது பார்ப்பதில்லை; ஒரு பொட்டலம் எவ்வளவு நேரம் காத்து நின்றது என்று பார்க்கிறது. காத்திருப்பு 5 மில்லிசெகண்டைத் தாண்டி நீடித்தால் உதிர்க்கத் தொடங்குகிறது. அவ்வளவு சின்ன விதி, அவ்வளவு பெரிய பலன்.

ஆனால் நான் சொக்கிப்போவது கேக்கின் இன்னொரு விதியில். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் தனி வரிசை. எந்த ஓட்டம் தன் வரிசையில் தேக்கம் சேர்ப்பதில்லையோ, அது முன்னே போகிறது. நம் ஷூட்டர் அனுப்புவதோ சின்னச் சின்னப் பொட்டலம், சீரான இடைவெளியில். ஆக அதற்கு யாரும் கேம் என்று பெயர் ஒட்ட வேண்டியதில்லை, போர்ட் எண் சொல்ல வேண்டியதில்லை. அதன் நடத்தையே அதை முன்னே அனுப்புகிறது. இதைவிட அழகான ஏற்பாட்டை நான் எந்த மென்பொருளிலும் கண்டதில்லை.

காஞ்சிபுரம் பக்கத்துத் தாமல் போன்ற ஊரில் இதன் அருமை இன்னும் துலங்கும். பட்டு நெய்யும், விற்கும் வீடுகளில் முன்னிரவுதான் வாட்ஸ்அப்பில் வாடிக்கையாளர் வரும் நேரம். அக்கா முந்தானையையும் கோர்வை பார்டரையும் வீடியோ எடுத்து வெளியூருக்கு அனுப்பிக்கொண்டிருப்பாள். தம்பி அதே கம்பியில் மிராஜின் மிட்டைக் காத்து நிற்பான். வரிசை மேலாண்மை இல்லாத ரவுட்டரில் புடவை வீடியோ அப்லோட் பாதையை அடைத்துவிடும். ஒரு எம்பிபிஎஸ் அப்லோடில் முழுப் பொட்டலம் ஒன்று வெளியேறவே 12 மில்லிசெகண்ட். 250 பொட்டலம் தேங்கினால் மூன்று நொடி. “அக்கா, கொஞ்ச நேரம் நெட்ட நிறுத்தேன்” என்ற குரல் எழுவது அங்கேதான். கேக் அந்தச் சண்டையை எழவே விடுவதில்லை. முதலில் கருவிக்குக் கருவி சமபங்கு, பிறகு அந்தந்தக் கருவிக்குள் ஓட்டத்துக்கு ஓட்டம் சமபங்கு. வியாபாரமும் நடக்கும், ஆட்டமும் நடக்கும்.

ஒரே நிபந்தனை, லைன் வேகத்துக்குச் சற்றுக் குறைவாக எல்லை வைக்க வேண்டும். அப்லோட் 20 என்றால் 18. இரண்டை இழக்கிறோமே என்று புலம்புகிறவர்கள் தாமல் ஏரிக்கு வரட்டும். தண்ணீரை மதகில் அளந்து விட்டால்தான் கடைமடை வரை முறை வைக்க முடியும். கலங்கலில் வழிந்து போனதற்கு யாரும் முறை வைக்க முடியாது. தேக்கம் நம் ரவுட்டரில் நின்றால் நம் சொல் கேட்கும், இணைய நிறுவனத்தின் கருவியில் நின்றால் கேட்காது.

கேமிங் ரவுட்டர்காரர்களோடு இங்கேதான் முரண்படுகிறேன். ஒரு கணினிக்கு மட்டும் முன்னுரிமை என்று எழுதிவைப்பது அதிகாரம், ரசனை ஆகாது. அதே கணினியில் ஒரு அப்டேட் அனுப்பவோ இறக்கவோ தொடங்கினால் அதுவும் முன்னுரிமையோடு வந்து நம் ஆட்டத்தையே மிதிக்கும். சூரத்கல் என்ஐடியில் உருவாகி 2020-ல் லினக்ஸ் 5.6-ல் சேர்ந்த எஃப்க்யூ-பை என்ற வரிசை மேலாளரை விரும்புவோரிடம் எனக்கு மரியாதை அதிகம். நம் நாட்டுக் கைவேலை அது. ஆயினும் அதன் காத்திருப்பு இலக்கு 15 மில்லிசெகண்ட். 64 டிக்கில் அது ஏறக்குறைய ஒரு முழு டிக். ஷூட்டருக்கு நான் கேக்கையே சொல்வேன்.

இப்போது ஆட்டங்களே நம்மிடமிருந்து திருகாணிகளைப் பிடுங்கிக்கொள்கின்றன. வாலரன்ட்டில் நெட்வொர்க் பஃபரிங் என்று மூன்று படி, அத்தோடு சரி. சிஎஸ்2-வில் பழைய நெட்_கிராஃப் இல்லை. பஃபரிங்குக்கு ஒன்றிரண்டு பொட்டலம் என்று தேர்வு. சோக்கையும் லாஸையும் வரைபடமாகப் படித்த கண்ணுக்கு இது வறுமை. வால்வின் சர்வர் சென்னையிலேயே இருக்கிறது. தாமலிலிருந்து 100 கிலோமீட்டருக்குள். நம் பொட்டலம் மும்பை போய்த் திரும்பி அங்கே சேர்ந்தால் அதை ஒரு பார்வையில் பிடிக்க வழி வேண்டாமா?

அதைவிடக் கசப்பு, இணைய நிறுவனங்கள் வீட்டுக்குத் தரும் ரவுட்டர்கள். அட்மின் கடவுச்சொல்லைக் கேட்டால் தரமாட்டார்கள். அப்லோட் எல்லை வைக்கும் பக்கமே மறைக்கப்பட்டிருக்கும். அவற்றில் பலவும் லினக்ஸில்தான் ஓடுகின்றன. எஃப்க்யூ-கோடெல் லினக்ஸுக்குள் வந்து பத்தாண்டுக்கு மேலாகிறது. உரிமத் தொகை கிடையாது. டேவ் டாட் 2025 ஏப்ரலில் மறையும்வரை நிறுவனங்களிடம் மன்றாடியது இதற்காகத்தான்: இருக்கிறதை இயக்குங்கள். ஆகவே புது இணைப்பு வாங்கும்போது எத்தனை எம்பிபிஎஸ் என்று கேட்காதீர்கள். ஒரு பெரிய ஃபைலை அனுப்பிக்கொண்டே பிங் பாருங்கள். ஏற்றம் 5 மில்லிசெகண்டுக்குள் நிற்காவிட்டால், கேக் ஓடும் ஓபன்டபிள்யூஆர்டி மென்பொருளை ஏற்கும் பழைய ரவுட்டர் ஒன்றைத் தேடி வாங்கி நடுவில் வையுங்கள்.