ஒரு கூலி, லட்சம் பிரதிகள்

ஆடிப் பதினெட்டு அன்று சிவகாசியில் அடுத்த ஆண்டுக்கான காலண்டர் ஆல்பங்கள் வெளிவரும். முகவர்கள் அவற்றை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகக் கிளம்புவார்கள். நகைக்கடைக்காரர் ஒரு முருகனையும் ஜவுளிக்கடைக்காரர் ஒரு லட்சுமியையும் பார்த்து எண்ணைக் குறித்துக் கொடுப்பார்கள். படத்தின் கீழே கடையின் பெயரும் முகவரியும் அச்சாகி, மார்கழி முடிவதற்குள் வாடிக்கையாளர் வீட்டுச் சுவருக்கு வந்துவிடும். அதே ஆடியில் அம்மன் கோயில் ஒலிபெருக்கிகளில் எல்.ஆர்.ஈஸ்வரியின் குரல் விடியற்காலையிலேயே தொடங்கிவிடும். தமிழர் வீட்டுக்கும் தெருவுக்கும் தெய்வத்தின் முகத்தையும் குரலையும் கொடுத்ததில் கோயிலுக்கு அடுத்த பங்கு அச்சகத்துக்கும் இசைத்தட்டுக்கும் உண்டு. பிரதி எடுத்தவர்கள் வளர்ந்தார்கள். முதல் பிரதியைப் படைத்தவருக்குப் பெரும்பாலும் ஒருமுறைக் கூலிதான் கிடைத்தது.

ஓவியங்களைப் பெருமளவில் அச்சிட்டு விற்கும் வழியை இந்தியாவில் பரவலாக்கியவர் ரவிவர்மா. 1894இல் பம்பாயில் சொந்தமாகவே அச்சகம் தொடங்கினார். அரண்மனைச் சுவரில் இருந்த சரஸ்வதியும் லட்சுமியும் நடுத்தர வீடுகளின் பூஜை அறைக்கு வந்தது அதனால்தான். ஆனால் அச்சகம் கடனில் மூழ்கியது. சில ஆண்டுகளிலேயே, அங்கு வேலை பார்த்த ஜெர்மானியத் தொழில்நுட்பர் ஒருவரிடம் அதை விற்க வேண்டியதாயிற்று.

தமிழ்நாட்டில் அந்த இடத்தைப் பிடித்தவர் கோவில்பட்டி சி.கொண்டைய ராஜு (1898–1976). சென்னை ஓவியப் பள்ளியில் பயின்றவர். ரமண மகரிஷியின் ஆசிரமத்தில் சில காலம் தங்கியவர். பிறகு நாடகக் குழுவுக்குத் திரைச்சீலை எழுதும் வேலையில் சேர்ந்து ஊர் ஊராக அலைந்தார். 1942இல் குழு கோவில்பட்டியில் கலைந்தபோது அங்கேயே தங்கிவிட்டார். பக்கத்தில் சிவகாசி. தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் லேபிள் அச்சடிக்கத் தொடங்கிய அச்சகங்கள் அங்கே காலண்டருக்கு மாறிக்கொண்டிருந்தன. அவற்றுக்குப் படம் வேண்டும். இவரிடம் கை இருந்தது.

அவருடைய மீனாட்சி கல்யாணத்தை நிதானமாகப் பார்த்தால் நாடக மேடை தெரியும். பின்னால் தூண்களும் வளைவுகளும் ஒன்றன்பின் ஒன்றாக உள்வாங்கிப் போகும். அது திரைச்சீலைக்காரரின் கணக்கு. முன்னால் தெய்வங்கள் பார்ப்பவர் பக்கமே முகம் காட்டி நிற்கும். நகையின் ஒவ்வொரு கல்லும் பட்டின் ஒவ்வொரு மடிப்பும் தனித்தனியாக ஒளிரும். அந்த முகங்கள் சாந்தமானவை. கும்பிட வருகிறவர் கண்ணோடு கண் பார்ப்பவை. டி.எஸ்.சுப்பையா போன்ற சீடர்கள் அவரோடு சேர்ந்து வரைந்தார்கள். பல படங்களின் அடியில் குருவும் சீடரும் சேர்ந்தே கையொப்பமிட்டிருக்கிறார்கள். இந்தப் படங்களைக் காலண்டர் கலை என்று ஒதுக்கிய விமர்சகர்கள், தமிழர்களின் கண்ணுக்கு வேறெந்த ஓவியரைவிடவும் அதிகம் பழகிய கையை ஒதுக்கினார்கள் என்றே சொல்ல வேண்டும்.

ஒரு படத்துக்கு ஒரு தொகை. வாங்கிய அச்சகம் அதை எத்தனை ஆண்டு, எத்தனை லட்சம் அடித்தாலும் ஓவியருக்கு மேற்கொண்டு எதுவும் இல்லை. இது தொழில் வழக்கம் மட்டுமல்ல, சட்டமும் அப்படித்தான் இருக்கிறது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, ஒருவர் பணம் கொடுத்து வரையச் சொன்ன ஓவியத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், பணம் கொடுத்தவரே முதல் உரிமையாளர் என்கிறது. அதே உட்பிரிவில்தான் திரைப்படமும் வருகிறது. ஓவியரின் கதையும் இசைக்காரரின் கதையும் ஒன்றாகும் இடம் இது.

1902இல் கிராமபோன் நிறுவனத்தின் ஃபிரெட் கெய்ஸ்பெர்க் கல்கத்தாவுக்கு வந்து பாடகி கௌஹர் ஜானின் குரலைப் பதிவு செய்தார். தமிழ்நாட்டில் இசைத்தட்டு வியாபாரம் சூடு பிடித்தது நாடகப் பாட்டுகளால். ஏ.வி.மெய்யப்பன் பங்குதாரர்களோடு நடத்திய சரஸ்வதி ஸ்டோர்ஸ் இசைத்தட்டு விற்றுத்தான் வளர்ந்தது, ஏவி.எம். ஸ்டூடியோவுக்கு முந்தைய படி அது. பேரம் பேசும் பலம் இருந்த சில கலைஞர்களும் உண்டு. 1935இல் ‘பக்த நந்தனார்’ படத்துக்குக் கே.பி.சுந்தராம்பாள் ஒரு லட்சம் ரூபாய் வாங்கினார். ‘சாவித்திரி’யில் நாரதராக நடித்ததற்கு எம்.எஸ்.சுப்புலட்சுமிக்குக் கிடைத்த பணத்தில் 1941இல் ‘கல்கி’ இதழ் பிறந்தது. ஒரு பாடகியின் ஊதியம் தமிழ் உரைநடைக்கு ஒரு மேடை கட்டிக் கொடுத்தது. ஆனால் இவர்கள் விதிவிலக்குகள்.

பாரதியின் பாட்டுகளுக்கு நேர்ந்ததைப் பார்த்தாலே போதும். அவர் குடும்பத்தாரிடமிருந்து இசைத்தட்டு உரிமையை ஒரு வணிகர் வாங்கினார், அவரிடமிருந்து ஏவி.எம். வாங்கியது. 1947இல் ‘நாம் இருவர்’ படத்தில் டி.கே.பட்டம்மாள் பாடிய பாரதி பாட்டுகள் நாடெங்கும் ஒலித்தன. மறு ஆண்டு ‘பில்ஹணன்’ படத்தில் டி.கே.எஸ். சகோதரர்கள் ஒரு பாரதி பாட்டைப் பயன்படுத்தியபோது வழக்கு என்று பேச்சு வந்தது. எழுத்தாளர்கள் கொதித்தார்கள். கடைசியில் ஏவி.எம். பணம் வாங்காமல் உரிமையை விட்டுக்கொடுக்க, 1949இல் சென்னை அரசு பாரதியின் படைப்புகளைத் தன்வசமாக்கியது. பின்னர் அவை மக்களுக்கே பொதுவாயின. பாரதியின் பெயருக்காக ஊரே திரண்டது. பெயர் தெரியாத பாடலாசிரியருக்காகவும் மெட்டமைப்பாளருக்காகவும் திரள யாரும் இல்லை.

இசையமைப்பாளர்கள் 1970களில் நீதிமன்றம் போனார்கள். 1977இல் உச்ச நீதிமன்றம் தயாரிப்பாளர் பக்கமே தீர்ப்புச் சொன்னது: கூலி கொடுத்து இசையமைக்கச் சொன்னவர் தயாரிப்பாளர், எனவே உரிமையும் அவருக்கே. அந்தத் தீர்ப்பிலேயே நீதிபதி கிருஷ்ண ஐயர் ஓர் அடிக்குறிப்பு எழுதினார். பாடுகிறவருக்கு இந்தச் சட்டத்தில் இடமே இல்லையே என்ற அவருடைய ஆதங்கம் அதில் பதிவாகியிருக்கிறது. பாடகருக்கு ‘நிகழ்த்துநர் உரிமை’ என ஒன்று சட்டத்தில் நுழைய 1994 ஆயிற்று.

பெரிய மாற்றம் 2012இல் வந்தது. பாடலாசிரியர் ஜாவேத் அக்தர் மாநிலங்களவையில் வாதாட, சட்டம் திருத்தப்பட்டது. இப்போது திரையரங்கில் படத்தோடு ஓடுவது தவிர, தொலைக்காட்சி, வானொலி, இணையம், ஹோட்டல் என எங்கே ஒலித்தாலும் வரும் ராயல்டியில் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் சமபங்கு உண்டு. அந்தப் பங்கை வாரிசுக்கோ உரிமைச் சங்கத்துக்கோ தவிர யாருக்கும் எழுதிக் கொடுக்க முடியாது, கொடுத்தாலும் செல்லாது. முன்பணம் கேட்டு வருகிறவரிடம் எல்லாவற்றுக்கும் கையெழுத்து வாங்கும் பழைய வழக்கத்தைத் தடுத்தது இந்த ஒரு வரிதான்.

2017இல் அமெரிக்கக் கச்சேரிப் பயணத்தில் இருந்த எஸ்.பி.பாலசுப்பிரமணியத்துக்கு, தன் பாட்டுகளை அனுமதியின்றிப் பாடக் கூடாது என்று இளையராஜா தரப்பு வக்கீல் நோட்டீஸ் அனுப்பியது. தமிழ்நாடு அதை இரு நண்பர்களின் சண்டையாகவே பேசித் தீர்த்தது. கட்டணம் வாங்கி நடத்தும் கச்சேரியில் மெட்டமைத்தவருக்குப் பங்கு உண்டா என்ற கேள்வி மட்டும் பேச்சில் இல்லை. உண்டு என்பதே நியாயம். கோயில் விழாவுக்கும் கல்யாண ஊர்வலத்துக்கும் சட்டமே விலக்குக் கொடுத்திருக்கிறது. ஆடி மாத அம்மன் பாட்டை யாரும் நிறுத்தப் போவதில்லை. டிக்கெட் விற்கிறவர் பங்கு கொடுப்பதில் பாட்டுக்கு என்ன குறை வந்துவிடும்?

ஓவியர்கள் வேறு வழியும் பார்த்திருக்கிறார்கள். சென்னை ஓவியப் பள்ளியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ்.பணிக்கர், மாணவர்கள் படித்து முடித்ததும் ஏதாவது ஒரு குமாஸ்தா வேலைக்குப் போய்விடுவதைக் கண்டு வருந்தினார். முப்பதுக்கும் மேற்பட்ட ஓவியர்களும் சிற்பிகளும் சேர்ந்து பாத்திக் துணியும் கைவினைப் பொருள்களும் செய்து விற்றார்கள். அந்தப் பணத்தில் ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கி, 1966இல் சோழமண்டலம் கலைஞர் கிராமம் எழும்பியது. பகலில் பாத்திக் சாயத்தில் நனைந்த அதே கைகள்தான் நவீன இந்திய ஓவியத்தின் முக்கியமான படைப்புகள் சிலவற்றைத் தந்தன. வியாபாரத்தை அவர்களே கையில் எடுத்ததால் கலையில் சமரசம் செய்யாமல் இருக்க முடிந்தது. ஆனாலும் தூரிகை பிடிப்பவர் எல்லோரும் கடை நடத்த வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது.

2012 திருத்தம் திரைப்படத்திலும் ஒலிப்பதிவிலும் இருக்கும் படைப்புகளை மட்டும் மீட்டது. காலண்டருக்கும் பத்திரிகைக்கும் விளம்பரத்துக்கும் கூலிக்கு வரைகிறவர் இன்னும் பழைய 17ஆம் பிரிவிலேயே நிற்கிறார். நாடாளுமன்றம் அந்தத் திருத்தத்தை அச்சோவியத்துக்கும் நீட்ட வேண்டும். சட்டம் வரும்வரை காத்திருக்காமல் அச்சக உரிமையாளர்கள் இரண்டு காரியங்களைச் செய்யலாம்: ஆல்பத்தின் ஒவ்வொரு படத்தின் கீழும் ஓவியரின் பெயரை அச்சிடுவது, மறுபதிப்பு ஓடும் ஒவ்வொரு முறையும் அவருக்கோ அவர் வாரிசுக்கோ ஒரு தொகை கொடுப்பது.