மணிபல்லவமும் மனப்பிணிப்பும்

சமயங்கள் மாந்தரை எவ்வாறு ஈர்க்கின்றன என்னும் வினாவிலும், ஈர்க்கப்பட்டாரை எவ்வாறு நீங்காவண்ணம் பிணித்து வைக்கின்றன என்னும் வினாவே ஆழமுடையது. ஈர்த்தற்கு ஒரு நாள் அமையும். பிணித்தலோ ஆயுள் முழுவதும் நிகழ்வது. கொள்கையின் உண்மையே அடியாரைப் பிணிக்கிறது என்பர் சமயவாதியர். அடியாரின் அறியாமையே பிணிக்கிறது என்பர் சமயத்தை மறுப்போர். இவ்விரு விடைகளும் போதியன அல்ல என்பதைக் கதையாக விரித்துக் காட்டும் பழந்தமிழ் நூல் மணிமேகலை. அதனைப் பௌத்த சமயப் பிரசார நூல் என்று கூறி அமைவது வழக்கம். ஒரு பெண்ணின் மனம் ஒரு சமயத்தின்பாற் படிப்படியாகப் பிணைக்கப்படும் வரலாறாகவும் அதனைக் கற்றல் கூடும்.

அவ்வரலாற்றின் உயிர்நிலை மணிபல்லவம் என்னும் தீவு. அது யாழ்ப்பாணத்தைச் சார்ந்த நயினாதீவே என்று அறிஞர் பலர் கருதுவர். வேறிடங்களைச் சுட்டுவாரும் உளர். நாகதீபத்தில் மகோதரன், சூளோதரன் என்னும் நாக அரசர் இருவர் ஒரு மணியாசனத்தின் பொருட்டுப் போருக்கு எழுந்தனர் என்றும், புத்தர் தோன்றி அப்பகையைத் தணித்தார் என்றும் மகாவமிசம் கூறும். மணிமேகலையும் நாகநாட்டு அரசர் இருவர் ஒரு பீடிகைக்காகப் பொருததனையும், புத்தர் அதன்மீதமர்ந்து அறம் உரைத்ததனையும் கூறுகின்றது. இன்று நயினாதீவிலே நாகபூஷணி அம்மன் கோயிலும் நாக விகாரையும் ஒன்றற்கொன்று அணித்தாக நிற்கின்றன. குறிகட்டுவானிலிருந்து புறப்படும் படகில் அம்மனுக்கு நேர்த்தி வைத்தவரும் புத்தரை வழிபட வந்தவரும் ஒருங்கே அமர்ந்து செல்வர். கொள்கை வேறு, மொழி வேறு. ஆயினும் கடல் கடந்து செல்லும்போது அவர்தம் உள்ளத்தில் நிகழ்வது பெரிதும் ஒன்றே. அந்நிகழ்ச்சியின் இயல்பு யாதென்பதே ஈண்டு ஆராயப்படுவது.

காப்பியத்தில் முதலாவது பிணிப்பு தனிமை. உவவனத்திலே உதயகுமரன் தன்னை நாடி வந்தபோது, அவன்பால் தன் நெஞ்சம் செல்வதனை மணிமேகலை சுதமதியிடம் மறையாது உரைக்கின்றாள். அவ்விரவிலேயே, அவள் உறங்குகையில், மணிமேகலா தெய்வம் அவளை எடுத்துச் சென்று மணிபல்லவத்தில் வைத்துவிடுகின்றது. விழித்தெழுந்தவள் காண்பன மணலும் கடலும் அறியாத மரங்களுமே. தோழியைக் கூவி அழைத்தும் மறுமொழி இல்லை. கொலையுண்ட தந்தை கோவலனை நினைந்து அழுகின்றாள். இந்நிலையில் ஆசிரியர் அவளுக்கு ஒரு போதனையும் தரவில்லை என்பது நோக்கத்தக்கது. பழகிய இடம், பழகிய முகங்கள், பழகிய பெயர் ஆகிய அனைத்தும் முதலில் நீக்கப்படுகின்றன. சடங்குகளை ஆராய்ந்த வான் ஜெனெப் என்னும் அறிஞர், பிரிதல், இடைநிலை, சேர்தல் என்னும் மூன்று படிகளை 1909 இல் வகுத்துக் காட்டினார். மணிபல்லவத்துக் கரையில் நிற்கும் மணிமேகலை அவ்விடைநிலையில் நிற்பவள். பழைய வாழ்வின் கட்டு அவிழ்ந்தது. புதிய கட்டு இன்னும் விழவில்லை. மனித மனம் மிக எளிதில் உருமாறுவது இந்நிலையிலேயே.

இரண்டாவது பிணிப்பு நினைவு. புத்த பீடிகையைக் கண்டதும் அவளுக்குப் பழம்பிறப்பு விளங்குகின்றது. முற்பிறப்பில் அவள் இலக்குமி. இராகுலன் என்பானுக்கு மனைவி. அவன் நஞ்சினால் இறக்கத் தீப்புகுந்தவள். அவ்விராகுலனே இப்பிறப்பில் உதயகுமரன் என்று தெய்வம் அறிவிக்கின்றது. காதல் கொண்ட நெஞ்சுக்குக் காதல் பொய் என்று கூறினால் அது நம்பாது. ஆதலின், "நீ கொண்ட காதல் மெய், ஆயின் அதன் பொருள் நீ எண்ணியதன்று" என்பதே ஈண்டு அவளுக்கு உணர்த்தப்படுகின்றது. முன்பிருந்த உணர்ச்சி அழிக்கப்படவில்லை; அதற்கு ஒரு புதிய கதை கிடைக்கின்றது. ஒருவர் சமயம் மாறும்போது அவர்தம் துன்பமும் ஆசையும் மறைந்துவிடுவதில்லை. அவை அனைத்தும் ஒரு நோக்கத்தை நோக்கி முன்னமே நடந்து வந்தனபோல ஒழுங்கு பெறுகின்றன. சமய அனுபவத்தின் வகைகளை 1902 இல் ஆராய்ந்து எழுதிய வில்லியம் ஜேம்ஸ், பிளவுபட்ட உள்ளம் ஒருமை பெறுதலே சமய மாற்றத்தின் உட்பொருள் எனக் கண்டார். அவ்வொருமையைத் தந்த கதையை விட்டுவிடுவது, பெற்ற ஒருமையையே இழப்பதாகும். ஆதலின் அடியார் அதனை எளிதில் விடார்.

மூன்றாவது பிணிப்பு சுற்றம். புகார் மீண்ட மணிமேகலை, மாதவியும் சுதமதியும் முற்பிறப்பில் தன் தமக்கையராகிய தாரையும் வீரையுமே என்று கூறுகின்றாள். தாய் தமக்கையாகவும் தோழி தமக்கையாகவும் மாறுகின்றனர். வீடு முழுவதும் ஒரே கதைக்குள் வந்து சேர்கின்றது. இதன் வலிமையைப் பிற்கால ஆராய்ச்சியும் உறுதிப்படுத்தும். அமெரிக்காவில் ஒரு சிறு குழுவினர், 1954 டிசெம்பர் 21 ஆந் திகதி பெருவெள்ளம் வந்து உலகின் பெரும் பகுதியை அழிக்கும் என்று நம்பினர். லியோன் பெஸ்ரிங்கரும் அவருடைய துணைவர் இருவரும் அக்குழுவை உடனிருந்து கவனித்து 1956 இல் நூல் வெளியிட்டனர். வெள்ளம் வரவில்லை. ஒருங்கு கூடியிருந்து காத்தவர்கள் தம் நம்பிக்கையைக் கைவிடாது, முன்னிலும் ஊக்கமாக அதனைப் பரப்ப முற்பட்டனர். தனித்தனியே தத்தம் வீடுகளில் இருந்தவர்களோ பெரும்பாலும் நம்பிக்கை தளர்ந்தனர். நிகழ்ச்சி இரு சாரார்க்கும் ஒன்றே. அருகிருந்து "ஆம்" என்று சொல்வார் உளரோ இலரோ என்பதே பெரிதும் வேறுபாட்டை விளைத்தது.

நான்காவது பிணிப்பு செயல். தீவதிலகை வழிகாட்ட, வைகாசி விசாகத்தன்று கோமுகிப் பொய்கையில் அமுதசுரபி எழுந்து மணிமேகலையின் கையை அடைகின்றது. அதன்பின் அவள் பசித்தோர் முகத்தை நாடிச் செல்பவளாகின்றாள். நம்பிக்கை செயலை உண்டாக்கும் என்பது பொதுவழக்கு. செயல் நம்பிக்கையை உண்டாக்கும் என்பதும் அதற்குக் குறையாத உண்மை. ஒரு குழுவிற் சேர்வதற்குக் கடினமான சோதனையை ஏற்றவர்கள், எளிதிற் சேர்ந்தவர்களிலும் அக்குழுவை உயர்வாக மதித்தனர் என்று அரன்சன், மில்ஸ் என்னும் இருவர் 1959 இல் பரிசோதனை வாயிலாகக் காட்டினர். காவடி எடுத்தவர்க்கும் நோன்பிருந்தவர்க்கும் இது புதிய செய்தியன்று. உடல் வருந்திச் செய்த ஒன்றினை வீணென்று கூற எவர் மனமும் ஒருப்படாது.

இந்நான்கும் நிகழ்ந்து முடிந்த பின்னரே காப்பியத்தில் தருக்கம் வருகின்றது. சமயக்கணக்கர் தந்திறம் கேட்ட காதை இருபத்தேழாவது. வஞ்சி நகரில் அளவைவாதி முதல் பூதவாதி ஈறாகப் பதின்மரை மணிமேகலை வினாவுகின்றாள். கண்ணாற் காண்பதே மெய் என்னும் பூதவாதியை, உன் தாய் தந்தையரை அனுமானத்தாலன்றி எவ்வாறு அறிந்தாய் என்று மடக்குகின்றாள். அறிவுக்கு விருந்தாகும் பகுதி இது. ஆயினும் இங்கேதான் காப்பியத்தின் குறையும் தோன்றுகின்றது. அவள் கேட்கச் செல்வது முடிவு செய்வதற்கன்று. மணிபல்லவத்திலேயே முடிவு நிகழ்ந்துவிட்டது. சைவவாதிக்கு ஆசிரியர் ஒதுக்கியவை ஒருசில அடிகளே. சிவநெறியின் அன்பும் உருக்கமும் அச்சில அடிகளுள் அடங்குமென எந்தச் சைவனும் ஒப்பான். மற்றைச் சமயத்தாரும் தத்தம் பகுதியைப் பற்றி அவ்வாறே கூறுதல் கூடும். அறவண அடிகள் தருக்க நெறியையும் சார்பிற்றோற்றத்தையும் விளக்கும் இறுதிக் காதைகள் அதற்கும் பின்னர் வருவன. ஆகவே, ஆய்ந்து தெளிந்தே அவள் பௌத்தம் தழுவினாள் என்று காப்பியம் சொல்லுகின்றது; தழுவிய பின்னரே ஆய்ந்தாள் என்று காட்டுகின்றது. சொல்லுவதிலும் காட்டுவதே உண்மை. சாத்தனார் சமயவாதியாக மறைக்க விரும்பியதைப் புலவராக மறைக்க இயலவில்லை.

இதனைச் சாத்தனாரின் சமயத்துக்கு மட்டும் உரிய குறையெனக் கொள்ளுதல் நேர்மையன்று. பிறந்த வீட்டின் விளக்கொளியிலே ஐந்தெழுத்தைக் கற்ற குழந்தையும் சித்தாந்த சாத்திரங்களை ஆய்ந்து சைவம் புகவில்லை. தாயின் குரல், திருநீற்றின் மணம், ஆனி மாதத்துத் திருவிழாவின் மேளம் ஆகியவற்றாற் பிணிப்புண்ட பின்னரே, கற்பவர் சிலர் சாத்திரம் கற்கின்றனர். அறிவு பெரும்பாலும் பின்வரும் துணை. ஆயின், பிணிப்பின் வழிகள் எங்கும் ஒன்றாயிருக்குமாயின், அறநெறியையும் மக்களைச் சிறைப்படுத்தும் குழுவையும் வேறுபடுத்துவது யாது? ஆராய்ச்சி பயனுடையதாவது இவ்வினாவுக்கு விடை காண்பதிலேயே.

இவ்வினா ஏட்டளவில் நிற்பதன்று. மாத்தளையிற் பிறந்து அங்கே ஆசிரமம் நடாத்திய பிரேமானந்தா என்பவர், 1983 ஆம் ஆண்டு இனக்கலவரத்தின் பின் தமிழகம் சென்று, திருச்சிராப்பள்ளிக்கு அண்மையில் ஆசிரமம் அமைத்தார். இலங்கையிலிருந்து புகலிடம் தேடிச் சென்ற ஆதரவற்ற சிறுவரும் சிறுமியரும் அங்கே வாழ்ந்தனர். ஆசிரமத்துப் பெண்கள்மீது புரிந்த பாலியல் வன்கொடுமைக்காகவும் ஒருவரின் கொலைக்காகவும் புதுக்கோட்டை நீதிமன்றம் 1997 இல் அவருக்கு இரட்டை ஆயுட்டண்டனை விதித்தது. இந்திய உச்ச நீதிமன்றம் 2005 இல் அதனை உறுதி செய்தது. 2011 இல் அவர் இறந்தார். தீர்ப்பின் பின்னரும் அடியார் பலர் அவரைக் கைவிடவில்லை. முன்னர்க் கூறிய நான்கு பிணிப்புகளும் ஈண்டும் உள. ஊர் இழந்த தனிமை உண்டு, துன்பத்துக்குப் பொருள் கூறும் கதை உண்டு, புதிய சுற்றம் உண்டு, தொண்டும் உண்டு. உணவும் உண்டு. ஆயின் உணவும் உறையுளும் தந்த இடத்தை எதிர்த்துப் பேசின், போக்கிடம் வேறில்லை.

சீனத்தில் நிகழ்ந்த மனமாற்ற முறைகளை ஆராய்ந்த றொபேட் லிப்ரன் 1961 இல் அவற்றின் இயல்புகளை எட்டாக வகுத்தார். வெளியுலகத் தொடர்பை அடைத்தல் அவற்றுள் முதலாவது. கயானாவின் காட்டில் ஜிம் ஜோன்ஸ் என்பவரின் அடியார் 900க்கு மேற்பட்டோர் 1978 நவம்பர் 18 ஆந் திகதி மாண்டபோது, அவர்களைச் சூழ்ந்திருந்தவை காடும் காவலுமே. மறுபுறத்தில், எந்தப் பிணிப்பும் தடுக்கவொண்ணா மந்திரமன்று என்பதையும் மறத்தலாகாது. ஒருங்கிணைப்புத் திருச்சபை என்னும் இயக்கத்தை ஆராய்ந்த ஐலீன் பாக்கர், அதன் பயிற்சி முகாம்களுக்குச் சென்றவருட் பெரும்பாலோர் அதில் நிலைத்துச் சேரவில்லை என்று 1984 இல் எடுத்துக்காட்டினார். வெளியேறும் வழி திறந்திருக்குமாயின் மனிதர் வெளியேறவும் வல்லர்.

இனி மணிபல்லவத்துக்கு மீளலாம். அமுதசுரபியை மணிமேகலைக்கு முன்னர்ப் பெற்றிருந்தவன் ஆபுத்திரன். கப்பல் அவனை அறியாது விட்டுச் செல்ல, அவன் அத்தீவிலே தனித்துவிடப்பட்டான். கையில் இருந்தது வற்றாத பாத்திரம். ஊட்டுதற்கு எவரும் இல்லை. பல்லுயிர் ஓம்பும் பாத்திரத்தால் தன்னுயிர் ஒன்றினையே ஓம்ப அவன் உடன்படவில்லை. அதனைக் கோமுகியில் இட்டு, உண்ணாதிருந்து உயிர் நீத்தான். மறுபிறப்பிற் புண்ணியராசனாக அத்தீவுக்கு வந்தவன், மணலை அகழ்ந்து தன் பழைய என்பினைத் தானே காண்கின்றான். சாத்தனார் தந்த உரைகல் இவ்வரலாற்றிலே கிடைக்கின்றது. அமுதசுரபி மணிபல்லவத்துக்கு உரியதன்று. அங்கிருந்து புறப்படுவதற்கே உரியது. மணிமேகலையும் அத்தீவில் நிலைக்கவில்லை. பாத்திரத்தை ஏந்திப் புகாருக்கு மீண்டாள், சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கினாள், காஞ்சியின் பசியைத் தீர்த்தாள். உண்டவர் எவரையும் "நின் சமயம் யாது" என்று அவள் கேட்கவில்லை.

தனிமையும் கதையும் சுற்றமும் தொண்டும் எல்லாச் சமயங்களிலும் உள்ள பிணிப்புகளே. அவை மனிதனைத் தீவிலிருந்து புறத்தே அனுப்புமாயின் அறம். தீவிலேயே இருத்துமாயின் சிறை. உணவு பசித்தவனை நோக்கிச் செல்கின்றதா, பசித்தவனை உணவு தந்தவனின் காலடியிற் கட்டிவைக்கின்றதா என்பதை நோக்கியே ஒரு நெறியை அளத்தல் வேண்டும். வினாவுதற்கு இடமுண்டா, நீங்குதற்கு வழியுண்டா என்பனவும் அவ்வளவையைச் சார்ந்தனவே. நயினாதீவிலே அமுதசுரபி என்னும் பெயருடைய அன்னதான மண்டபம் உண்டு. பந்தியில் அமர்வாரின் கொள்கையை அங்கே எவரும் வினாவுவதில்லை. உண்டெழுந்தவர் தத்தம் படகேறி மீள்வதனைத் தடுப்பாரும் இல்லை. அடுத்த ஆனியில் அவர் மீண்டும் வருவாராயின், அது தாமே விரும்பி ஏற்ற பிணிப்பு.