அந்தமான் வானில் இலகு குண்டுவீச்சு விமானங்கள்

இலகு குண்டுவீச்சில் மூன்று மரபுகளைக் காணலாம். உயரத்தில் மட்டமாகப் பறந்தபடி குண்டு போடுவது ஒன்று. அலைமட்டம்வரை தாழ்ந்து வந்து தாக்கிவிட்டு ஓடுவது இன்னொன்று. இலக்கை நோக்கித் தலைகீழாகப் பாய்வது மூன்றாவது. இரண்டாம் உலகப் போரின் ஐரோப்பிய முனையை வைத்தே இவற்றை எடைபோடுவது வழக்கம். வங்கக் கடல் வைத்த தேர்வோ வேறு: தூரமும் வெப்பமும்.

முதல் மரபைச் சேர்ந்தது பிரிஸ்டல் பிளெனிம். பத்திரிகை அதிபர் ரோதர்மியர் பிரபு தமக்கெனச் செய்வித்து, 1935இல் பறந்த பயணி விமானமே அதன் மூலம். 1942 ஏப்ரல் 9 அன்று கொழும்புக் குதிரைப்பந்தயத் திடலிலிருந்து கிளம்பிய 11ஆவது ஸ்குவாட்ரனின் 9 பிளெனிம்கள் ஜப்பானியத் தளபதி நகுமோவின் கப்பற்படையைக் கண்டுபிடித்துக் குண்டு வீசின. ஒரு குண்டும் படவில்லை. 5 விமானங்கள் திரும்பவில்லை. சண்டை விமானத் துணையின்றி அவ்வளவு தூரம் அனுப்பப்பட்டவர்களின் துணிவுக்கு முன், குறி தவறியதைப் பேச எனக்கு மனம் வரவில்லை.

அதற்குச் சற்று முன்பே, மார்ச் 23 அன்று, போர்ட் பிளேர் ஜப்பானியர் கைக்குப் போயிருந்தது. துறைமுகத்தில் அவர்களுடைய பறக்கும் படகுகள் நங்கூரமிட்டன. ஏப்ரல் நடுவில் லாக்ஹீட் ஹட்சன்கள், இரண்டாம் மரபின்படி, தாழப் பறந்து வந்து அவற்றைத் தாக்கின. ஹட்சனும் பயணி விமானத்திலிருந்து உருவானதுதான். கல்கத்தாவிலிருந்து போர்ட் பிளேர் சுமார் 1,300 கிலோமீட்டர். வழி பெரும்பாலும் கடல். விரல்விட்டு எண்ணக்கூடிய விமானங்களே வர முடிந்ததற்குக் காரணம் அந்தத் தூரம்.

மூன்றாம் மரபின் ஃபேரி பாரகுடா சற்று விரிவாகப் பேச வேண்டியது. 1940 டிசம்பரில் முதலில் பறந்தது, மூவர் ஏறுவது. கண்காணிப்பாளர் கீழே பார்க்க வசதியாக இறக்கையை உடலின் மேற்பகுதியில் பொருத்தினார்கள். இறக்கையின் பின்னால் தொங்கும் யங்மன் மடிப்புகளைத் திருப்பிவைத்தால் பாய்ச்சலின் வேகம் கட்டுப்படும், குறி நிற்கும். ஆனால் இதற்கென எண்ணியிருந்த ரோல்ஸ்ராய்ஸ் எக்ஸ் எஞ்சின் கைவிடப்பட்டதால் மெர்லினைப் பூட்டினார்கள். மெர்லினில் எடைக்கேற்ற வலு வாய்க்கவில்லை. 1944 ஏப்ரலில் நார்வேயில் டிர்பிட்ஸ் போர்க்கப்பலைத் திறமையாகத் தாக்கிய அதே விமானம் வெப்பமண்டலக் காற்றில் திணறியது. மே மாதம் ஜாவாவின் சுரபாயாவைத் தாக்கப் போகும்போது தூரம் எட்டாதென்று கப்பலிலிருந்து அதை இறக்கிவிட்டு அவெஞ்சர் விமானங்களை ஏற்றிக்கொண்டார்கள்.

இருந்தும் ஜூன் 21 அன்று இல்லஸ்ட்ரியஸ் கப்பலிலிருந்து 15 பாரகுடாக்கள், கோர்செயர் சண்டை விமானங்களின் துணையுடன், போர்ட் பிளேரைத் தாக்கின. விமானந்தாங்கிக் கப்பல் தூரத்தைத் தீர்த்தது, வெப்பத்தைத் தீர்க்கவில்லை. அக்டோபரில் நிகோபாரிலும் தாக்குதல் நடந்தது. பிலிப்பைன்ஸின் லெய்டேயில் அமெரிக்கர் இறங்கவிருந்த நேரத்தில் ஜப்பானியர் கவனத்தைத் திருப்புவதே நோக்கம். பாய்ச்சல் கலையில் நம்மவரும் குறைந்தவரல்லர்: இந்திய விமானப்படையின் 7, 8ஆவது ஸ்குவாட்ரன்கள் வெஞ்சன்ஸ் விமானத்தில் பர்மா முனையில் ஏறக்குறைய செங்குத்தாகப் பாய்ந்தன.

குறி தப்பாமை, எட்டும் தூரம், திரும்பி வரும் எண்ணிக்கை ஆகியவையே விமானப்படைகளின் அளவுகோல்கள். தீவுகளைப் பொறுத்தவரை இவை போதா. கார் நிகோபார் ஓடுதளத்தைக் கட்டாய உழைப்பால் போட்டவர்கள் நிகோபாரிகள். குண்டுகள் அவர்கள் மண்ணில்தான் விழுந்தன. 1945இல் நேசநாட்டுப் படைக்குச் சைகை காட்டியதாகக் குற்றம்சாட்டி ஜப்பானியர் அவர்களில் பலரைச் சித்திரவதை செய்து கொன்றார்கள். அந்தக் கொலைகளுக்காக ஜப்பானிய அதிகாரிகளும் வீரர்களும் 1946இல் சிங்கப்பூரில் விசாரிக்கப்பட்டார்கள். அந்தமான் வான்போர் வரலாறு எழுதுவோர் அந்த வழக்கின் ஆவணங்களையும் விமானப் பதிவேடுகளோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.