வேலிக்கு வெளியே நின்ற பஸ்

அகமதாபாத் நகரின் ‘ஜன்மார்க்’ என்ற, பஸ்ஸுக்கென்றே வீதியில் ஒதுக்கிய தடத்திற்கு 2010-ஆம் ஆண்டின் நீடித்த போக்குவரத்து விருது கிடைத்த நாள்முதல், நம் தேசத்தில் பஸ் சீர்திருத்தத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள், மறுவாதத்திற்கு இடமற்ற பிரமாணம் ஒன்றைக் காட்டுவதுபோல அந்த நகரத்தையே காட்டி வருகிறார்கள். டில்லியில் 2008-இல் திறந்த தடம் ஏன் தோற்றது, அகமதாபாத்தில் 2009 அக்டோபரில் திறந்த தடம் ஏன் வென்றது என்று கேட்டால், அவர்களிடம் விடை ஆயத்தமாக இருக்கிறது. டில்லி தன் தடத்தை எல்லா பஸ்களுக்கும் திறந்துவிட்டது. அகமதாபாத் அதற்கென்றே வாங்கிய பஸ்களைத் தவிர மற்றவற்றுக்கு அடைத்து வைத்தது. அடைத்ததே வெற்றியின் ரகசியம் என்பது அவர்கள் சித்தாந்தம். இது பிழையான சித்தாந்தம் என்பதும், பஸ் தடத்தின் மூலதர்மத்துக்கே விரோதமானது என்பதும் என் நெடுநாளைய அபிப்பிராயம்.

ஜன்மார்க்கின் சிறப்புகளை மறுப்பதற்கில்லை. பஸ்ஸின் தளத்தோடு சமமாக உயர்ந்த மேடையும், ஏறுமுன்பே சீட்டு வாங்கும் ஏற்பாடும், கூரையிட்ட நிலையமும், நெரிசலில் சிக்காத வேகமும், முதியவருக்கும் கைக்குழந்தையோடு வரும் தாய்க்கும் எத்தகைய சௌகரியம் என்பதை விவரிக்க வேண்டியதில்லை. வீதியின் நடுப்பகுதியைக் கார்களிடமிருந்து மீட்டுப் பொதுவாகனத்திற்குக் கொடுக்கும் துணிவு நம் நகராட்சிகளில் அபூர்வம். அங்கே அது இருந்தது.

ஆனால் பஸ்ஸுக்குப் பிரத்தியேகத் தடம் கேட்கும் நியாயம் எங்கிருந்து பிறக்கிறது? வீதி மனிதருக்கு உரியது, ஆகவே ஐம்பது பேரைச் சுமந்து வரும் பஸ்ஸுக்கு, ஒருவரையோ இருவரையோ சுமந்து வரும் காரைக் காட்டிலும் அதிக பாத்தியதை உண்டு என்ற ஒரே தத்துவத்திலிருந்துதான் பிறக்கிறது. அந்தத் தத்துவத்தைச் சொல்லிக் காரை வெளியேற்றியவர்கள், 1947 முதல் அந்நகரத்து ஜனங்களைச் சுமந்து வரும் மாநகராட்சி பஸ்ஸையும் கூடவே வெளியேற்றினார்கள். அதிலும் ஐம்பது பேர் இருந்தார்கள். தடத்திற்கு இடம் கொடுத்ததால் குறுகிப்போன பாதையில், கார்களோடும் ஆட்டோக்களோடும் நெருக்குண்டு அவர்கள் ஊர்ந்துகொண்டிருக்க, தடத்தைச் சுற்றிய வேலிக்கு உட்புறத்தில் அதே மாநகராட்சியின் மற்றொரு பஸ் தடையின்றிப் பறந்தது. காரில் போகிறவருக்கு விளைந்த தாமதத்தை நியாயப்படுத்தத் தத்துவம் இருக்கிறது; பழைய பஸ்ஸில் நின்றுகொண்டு போகிற கூலிக்காரருக்கு விளைந்த தாமதத்தை எந்தத் தத்துவத்தால் நியாயப்படுத்துவது?

இந்த விலக்கு ஓர் உத்தரவால் வந்து மற்றோர் உத்தரவால் நீங்கக்கூடியதாக இருந்தால் நான் இவ்வளவு அழுத்திப் பேசமாட்டேன். அது கட்டடத்திலேயே உறைந்திருக்கிறது. நிலையங்களை வீதியின் நட்டநடுவில், இரு திசைகளுக்கும் பொதுவாக அமைத்தார்கள். ஆகையால் பஸ்ஸின் கதவு வலப்பக்கம் இருக்க வேண்டியதாயிற்று. நம் ஊர்ச் சாதாரண பஸ்ஸுக்குக் கதவு இடப்பக்கம். அதன் படியும் தாழ்ந்தது. அதற்கு அனுமதி கொடுத்தாலும், அந்த மேடையில் நின்று ஒருவரை ஏற்றவோ இறக்கவோ அதனால் ஆகாது. இதன் பலனாக, தடம் தொடாத பேட்டைகளில் வசிக்கும் பெருவாரியான ஜனங்கள், தங்கள் பஸ்ஸிலிருந்து வீதியோரத்தில் இறங்கி, விரையும் வாகனங்களுக்கு நடுவே பாதி வீதியைக் கடந்து, மறுபடியும் சீட்டு வாங்கி, மறுபடியும் காத்திருந்தே அந்த வேகத்தை அனுபவிக்க வேண்டும். தடத்தின் மேல் மிச்சமான நிமிஷங்கள் அங்கேயே செலவாகிவிடுகின்றன. பஸ்ஸின் வேகத்தை மட்டும் அளந்தால் போதாது. வீட்டிலிருந்து வேலைக்குச் சென்று சேரும் பிரயாணத்தையே அளக்க வேண்டும்.

டில்லியைக் காட்டி வாதிப்பவர்கள் அங்கே நிகழ்ந்ததைச் சரியாகப் படித்தார்களா என்று எனக்குச் சந்தேகம். அம்பேத்கர் நகரிலிருந்து மூல்சந்த் வரை 5.8 கிலோமீட்டரே நீண்ட அத்தடத்தில், சிராக் டில்லிச் சந்திப்பின் சமிக்ஞை மிக நீண்ட சுற்றாக ஓடியது. பழுதாகி நின்ற பஸ்ஸைத் தாண்டிச் செல்லப் பின்வந்தவற்றுக்கு இடமில்லை. அத்துமீறி நுழைந்த கார்களைத் தடுப்பாரும் போதவில்லை. இவை யாவும் அமைப்பின் குறைகளும் கண்காணிப்பின் குறைகளுமே தவிர, சாதாரண பஸ்களை உள்ளே விட்டதன் குற்றமல்ல. அத்தடத்தை நீக்கக் கோரிய வழக்கை 2012-இல் உயர்நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. எனினும் கார்க்காரர்களின் கூக்குரலே இறுதியில் வென்று, 2016-இல் அது இடிக்கப்பட்டது. ஒரு சொற்பத் தூரத்துத் தடத்தின் மரணத்திலிருந்து, ஏழைகளின் பஸ்ஸைப் புறத்தே நிறுத்த வேண்டும் என்ற பாடத்தை எடுத்துக்கொள்வது எத்தகைய தர்க்கம்?

மூடிய தடத்திற்குக் குரிட்டிபாவைச் சாட்சியாக அழைப்பாரும் உண்டு. அந்த பிரேசில் நகரம் 1974-இல் தடம் அமைத்ததோடு நின்றுவிடவில்லை. கிளை பஸ்களையும் பிரதான பஸ்களையும் ஒரே கட்டணத்தால் பிணைத்து, நகரம் முழுவதையும் ஒரே வலையாக்கியது. சாட்சி, அழைத்தவர்களுக்குச் சாதகமாகப் பேசவில்லை.

அகமதாபாத்துக்கு மறு ஆண்டு, 2011-இல், அதே விருதைப் பெற்றது சீனத்தின் குவாங்சோ. அங்கே 22.5 கிலோமீட்டர் தடத்தில், நகரத்தின் பல மார்க்கங்களைச் சேர்ந்த பஸ்கள் தத்தம் பேட்டைகளில் புறப்பட்டு, நெரிசலான பகுதி வந்ததும் உள்ளே நுழைந்து, அது தீர்ந்ததும் வெளியேறித் தம் வழியே போகின்றன. நிலையங்களில் முந்திச் செல்ல இடம் விட்டிருக்கிறார்கள். பிரயாணி இறங்கி ஏற வேண்டியதில்லை. விருது பெற்ற காலத்தில் நாள்தோறும் ஏறத்தாழ 8 லட்சம் பேர் அதில் போனார்கள். திறந்த தடம் செழிக்கும் என்பதற்கு இவ்வளவு பிரத்தியட்சமான உதாரணம் அதே விருதுப் பட்டியலின் அடுத்த வரியில் இருக்கையில், டில்லியின் இடிபாட்டைக் காட்டி மூடிய தடத்திற்கு வாதாடுவது எனக்குப் பொறுக்கவில்லை. புதிய தடம் போடப் பணம் கேட்டு வரும் எந்த நகராட்சியிடமும், அதன் நீளத்தைக் கேட்பதற்கு முன்னே, இன்று ஓடும் பஸ்களில் எத்தனை அதற்குள் வரும் என்று கேட்க வேண்டும். ஒன்றுகூட வராது என்றால் பணத்தைக் கொடுக்கக் கூடாது.